போனில் சாப்பாட்டு ஆலோசனை: சமைக்கிறவரையும் கூப்பிடுங்கள்

வெருகலில் இருந்தோ ஈச்சிலம்பற்றில் இருந்தோ ஒருவர் திருகோணமலை டவுனுக்கு வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அங்கே படகுப்பாதைக்குக் காத்து நிற்கும் தொல்லை இல்லை. தூரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. விடியக் கிளம்பி, கிளினிக் வரிசையில் இருந்து, இரத்தம் கொடுத்து, மருந்தெடுத்து, கடைசியில் சாப்பாட்டு ஆலோசனைக்கு என் முன்னால் வந்து உட்காரும்போது, நான் சொல்வதைக் காதில் வாங்கும் தெம்பு அவரிடம் இருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் போனில் ஆலோசனை சொல்லத் தொடங்கினேன். செய்யச் செய்ய இன்னொன்றும் விளங்கியது. கிளினிக்கில் எனக்குக் கிடைக்காத ஒன்று போனில் கிடைக்கிறது: நோயாளியின் குசினி. சமைக்கிறவர், சோத்துப் பானை, உப்புப் போத்தல் எல்லாம் அந்த அழைப்புக்குள்ளேயே இருக்கின்றன. அதைப் பயன்படுத்தத் தெரிந்தால் போன் ஆலோசனை நேரில் சொல்வதற்குக் குறைந்ததே இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

முதல் அழைப்புக்கு முன்பே மூன்று படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்: கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள், கடைசி இரத்தப் பரிசோதனை ரிப்போட், வீட்டில் இருக்கிற குளிசை மட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எடுத்த படம். பெயரும் திகதியும் தெரிய வேண்டும். மகனோ பேத்தியோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். குளிசைப் படத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சலரோகத்துக்கு (நீரிழிவுக்கு) மெற்போமின் மட்டும் எடுக்கிறவருக்குச் சோறு குறைக்கச் சொல்வது வேறு, கிளிக்ளசைட்டோ இன்சுலினோ எடுக்கிறவருக்குச் சொல்வது வேறு. இரண்டாமவருக்குச் சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கிவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கிற வோபரின் எடுக்கிறவர் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. மருந்தின் அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை. நாம் அவருக்குத் தகவல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நேரத்தை அவர்களிடமே கேளுங்கள். இரவு கடலுக்குப் போய் வந்தவர் காலையில் தூங்குவார். நெல் வெட்டுக் காலத்தில் தம்பலகாமத்தில் பகலில் ஒருவரையும் பிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரம், மூதூர், கிண்ணியாப் பக்கம் எடுக்க வேண்டாம். நேரம் குறிக்கும்போதே, “வீட்டில் யார் சமைக்கிறது?” என்று கேட்டு, அவரும் பக்கத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஐயாவுக்கு பிரஷர் என்றால், உப்புக் கரண்டி இருப்பது மருமகள் கையில். அவரிடம் கதைக்காமல் ஐயாவிடம் மட்டும் உப்பைக் குறையுங்கள் என்று சொன்னால் ஐயாவுக்கும் மருமகளுக்கும் சண்டைதான் வரும்.

அழைப்பு எடுத்ததும் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் உறுதிப்படுத்துங்கள். பல வீடுகளில் போன் கணவனுடையது, அல்லது மகனுடையது. “பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் கேட்கிற மாதிரிக் கதைக்கலாமா?” என்று கட்டாயம் கேளுங்கள். கர்ப்பிணிப் பெண்ணிடமும் இளம் பெண்களிடமும் இது இன்னும் முக்கியம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முழு நேரமும் வீடியோ தேவையில்லை. டேட்டா போய்விடும், சிக்னலும் நிற்காது. சாதாரண அழைப்பில் கதைத்துவிட்டு, குசினிக்குள் போகும்போது மட்டும் வீடியோவைப் போடச் சொல்லுங்கள். லைன் கட்டானால் நீங்கள்தான் திரும்ப எடுப்பீர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய ரீலோட் காசு இதில் கரையக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் நல்ல பிள்ளைப் பதில்தான் வரும். “நேற்று விடிய எழும்பியதில் இருந்து சொல்லுங்கள் அம்மா, முதலில் வாயில் வைத்தது என்ன?” என்று தொடங்குங்கள். சீனியைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். “ஒரு தேத்தண்ணி போட்டுக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். உப்புவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு கப்புக்கு இரண்டு கரண்டி என்று சொல்லியிருந்தார். வீடியோவில் பார்த்தால் சீனிப் போத்தலுக்குள் கிடந்தது கறி போடுகிற பெரிய கரண்டி. அதிலும் கோபுரமாக அள்ளினார். பின்னால் நின்ற மருமகள், “மாமி பின்னேரமும் ரெண்டு குடிப்பா” என்றார். கிளினிக் மேசையில் இந்த மூன்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

கணக்கு எளிது. ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 முதல் 5 கிராம். இரண்டு கரண்டி வீதம் ஐந்து கப் குடித்தால், சின்னக் கரண்டியிலேயே 40 முதல் 50 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் சராசரி வளர்ந்தவருக்குச் சொல்லும் உச்ச வரம்பே ஏறக்குறைய 50 கிராம்தான்; 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. சலரோகம் உள்ளவருக்கு அதுவும் அதிகம். அந்த அம்மாவிடம் தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. போத்தலுக்குள் சின்னக் கரண்டியைப் போட்டு, மட்டமாக ஒன்று என்று தொடங்கினோம். பனங்கட்டி, தேன், கற்கண்டு எல்லாம் சீனிக்கணக்கில்தான் சேரும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பனங்கட்டி கடித்தால் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் நிறைய.

அளவு கேட்பதற்கு வீட்டுப் பாஷை வேண்டும். இடியப்பத்தை எண்ணலாம். பிட்டென்றால் குழலில் எவ்வளவு என்று கேளுங்கள், முழுசா பாதியா. சோற்றுக்கு மட்டும் வாய்ச்சொல் போதாது. வழக்கமாகப் போடுகிற மாதிரியே கோப்பையில் (சாப்பிடுகிற தட்டில்) போட்டு, பக்கத்தில் கையை விரித்து வைத்து, நேர் மேலே இருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கை இருந்தால் கோப்பை பெரிசா சின்னதா என்பது தெரிந்துவிடும்.

கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ என்பதுதான் பொது விதி. ஆனால் நம்முடைய கோப்பைகளில் முக்கால்வாசி சோறு. ஒரே நாளில் அதைத் தலைகீழாக்கச் சொன்னால் ஒருவரும் செய்ய மாட்டார்கள். முதலில் ஒரு அகப்பை முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ கூட்டுங்கள். அடுத்த தடவை சோற்றில் ஒரு பிடி குறையுங்கள். ஓட்ஸ், அப்பிள் என்று தொடங்க வேண்டாம். வேலியில் முருங்கை நிற்கிற வீட்டில் அதைச் சொல்வது அவர்களுடைய காசை வீணாக்குவது. மலிவாகக் கிடைக்கும்போது சூடை, சாளை, கீரி மாதிரிச் சின்ன மீன் போதும். நல்ல கொழுப்பும் புரதமும் அதிலேயே இருக்கிறது. மாரியில் கடல் கொந்தளித்து மீன் குறையும்போது கருவாடு ஏறும், கூடவே உப்பும் ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புத்தான். கருவாட்டை ஊறவைத்துக் கழுவி, அன்றைக்கு மற்றக் கறிகளில் உப்பை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளிடம் இரும்புச்சத்துக் குளிசையை எதோடு விழுங்குகிறார்கள் என்று கேளுங்கள். தேத்தண்ணியோடு என்றால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ எடுக்கட்டும். கல்சியம் குளிசையை வேறு நேரத்துக்குத் தள்ளட்டும்.

சிறுநீரக நோயாளிக்கு ரிப்போட் பார்க்காமல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். பொட்டாசியம் ஏறியிருக்கிறவருக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆபத்து. மற்றவருக்கு நாம் விரும்பிச் சொல்கிற கீரையும் அவருக்கு யோசித்துத்தான். இதனால்தான் நான் வட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற ஒவ்வொரு வொய்ஸையும் ஆளின் பெயரைச் சொல்லி, “இது உங்களுக்கு மட்டும்” என்று தொடங்குகிறேன். ஊரில் வொய்ஸ் ஒரே இடத்தில் நிற்காது.

சின்னப் பிள்ளைகளைப் போனில் அளக்க முடியாது. நிறை எடுக்கக் குடும்பநல மாதுவிடம் அனுப்புங்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் கீழே என்றாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெரியவர்கள் வீட்டில் நிறை பார்ப்பதென்றால் ஒரே தராசு, சீமெந்துத் தரை, காலையில் வெறும் வயிறு. பாயின் மேல் வைத்த தராசு பொய் சொல்லும்.

கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்றால் ஆலோசனையை அந்த இடத்தில் நிறுத்துங்கள். இரத்தச் சீனி 70க்குக் (mg/dL) கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். அளக்கும் மெஷின் இல்லாவிட்டாலும் சீனித் தண்ணீரைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. 1990 அம்புலன்ஸுக்கு எடுக்கச் சொல்லி, அவர்கள் எடுத்துவிட்டார்களா என்று உறுதிசெய்யுங்கள்.

நோன்பு பற்றி ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கதைக்க வேண்டும். நோன்பு பிடிக்கலாமா, மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை வைத்தியர் சொல்லட்டும். நாம் ஸஹரை (விடியுமுன் சாப்பாட்டை) தவறவிடாமல், நோன்பு திறக்கிறபோது கஞ்சியையும் பொரித்ததையும் இனிப்பையும் ஒன்றாக ஏற்றாமல் திட்டம் போட்டுக் கொடுக்கலாம். சீனி 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதை நோன்பு பிடிக்கிறவரிடமும் வீட்டாரிடமும் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

அழைப்பை முடிக்கும் முன் ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்து, அதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வையுங்கள். சமைக்கிறவரும் சொல்லட்டும். பிறகு அதையே ஒரு நிமிட வொய்ஸாக அனுப்புங்கள். நீளமான அறிவுறுத்தல் தாளை ஒருவரும் திறப்பதில்லை. இரண்டு கிழமையில் திரும்ப எடுத்து, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஏன் என்று விசாரியுங்கள். அநேகமாக வீட்டில் வேறு யாருக்கோ அந்தச் சாப்பாடு பிடித்திருக்காது.

என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்பி, அடுத்த கிளினிக்கில் வைத்தியர் பார்க்கிற மாதிரிக் கொப்பிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ரிப்போட் படங்களை உங்கள் போன் கலரியில் வைத்திருக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. தேவையானதை நோயாளியின் கோவையில் (ஃபைலில்) சேர்த்ததும் போனில் இருந்து அழித்துவிடுங்கள்.