ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன ஆயில்? வடசென்னை ஓட்டத்துக்கு ஏற்ற செய்முறை

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் எந்த ஆயில் கடையில் போய் நின்றாலும் முன்வரிசையில் இருப்பது கன்டெய்னர் லாரிக்கான 15டபிள்யூ-40 வாளிகளும் பைக் ஆயில் டப்பாக்களும்தான். கார் ஆயில் கேட்டால் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து வைத்து, "ஃபுல் சிந்தெட்டிக் சார், எந்த வண்டிக்கும் ஊத்தலாம்" என்பார்கள். சாதாரண ஹேட்ச்பேக் அதில் தப்பித்துவிடலாம். டர்போ, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 6,500 ஆர்பிஎம்முக்கு மேல் சுழலும் இன்ஜின் என்றால் தப்பிப்பது சந்தேகம்தான்.

ஆயில் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது கார் கம்பெனியின் அப்ரூவல் எண், அதாவது கம்பெனி அனுமதித்த ஆயில் தரத்தின் குறியீடு. இரண்டாவது கிரேடு, அதாவது 5டபிள்யூ-30 போன்ற கெட்டித்தன்மை எண் (முன்னால் இருப்பது குளிரில், கடைசியில் இருப்பது சூட்டில்). பிராண்டு கடைசி. கடையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது என்பதுதான் தொல்லை.

படி 1: மேனுவலில் மூன்று விவரம் எடுங்கள்

ஓனர் மேனுவலின் பின்பகுதியில், கொள்ளளவு பற்றிய பக்கத்தில் கிரேடு, அப்ரூவல் எண், ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்ற மூன்றும் இருக்கும். மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கி மேனுவல் இல்லை என்றால், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள். பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைப் பார்த்தால் சில கார்களில் கிரேடு அதிலேயே அச்சாகி இருக்கும். ஆனால் அப்ரூவல் எண் பெரும்பாலும் இருக்காது.

சில உதாரணங்கள். 2016-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 5.0: 5டபிள்யூ-20, சுமார் 7.6 லிட்டர். நிசான் ஜிடி-ஆர்: 0டபிள்யூ-40. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் உள்ள 2 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு 5.7 லிட்டர், அப்ரூவல் ஃபோக்ஸ்வாகன் 502 00 அல்லது 504 00. பிஎம்டபிள்யூ எம்340ஐ-யின் பி58 இன்ஜினுக்கு 6.5 லிட்டர், எல்எல்-01, எல்எல்-17எஃப்இ+ என்று பல எண்கள் உண்டு, எது என்பது வண்டியின் ஆண்டைப் பொறுத்தது. போர்ஷே என்றால் பல பழைய மாடல்களுக்கு ஏ40. ஒரே "ஸ்போர்ட்ஸ் கார்" என்ற பெயருக்குள் 20-ம் இருக்கிறது, 40-ம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு கோடியில் 10டபிள்யூ-60 இருக்கிறது. பிஎம்டபிள்யூ எம்3-யின் பழைய எஸ்54, எஸ்65 இன்ஜின்களுக்கும் எம்5-இன் வி10 எஸ்85-க்கும் கம்பெனியே சொன்ன கிரேடு அது. அதைப் பார்த்துவிட்டு, "ரேஸ் வண்டி ஆயில்" என்று தன் 1.5 லிட்டர் டர்போவுக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

படி 2: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். தகவல் எல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

முதலில் ஏபிஐ, அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் தர முத்திரை. வட்ட முத்திரைக்குள் எஸ்என், எஸ்பி என்று இருக்கும். எஸ்பி 2020-ல் வந்தது. எஸ்என் கேட்கும் வண்டிக்கு அதைத் தாராளமாக ஊற்றலாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ வைத்திருப்பவர்கள் எஸ்பிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். எல்எஸ்பிஐ என்று இதைச் சொல்வார்கள். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் விளிம்பு) உடையக்கூடும். ஆயிலில் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இது கூடுகிறது என்று தெரிந்த பிறகு, அதில் ஒரு பகுதியை மெக்னீசியத்துக்கு மாற்றினார்கள். இந்தச் சோதனை எஸ்பியில் கட்டாயம்.

லாரி ஆயில் ஏன் கூடாது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. சிஐ-4 பிளஸ் தரத்து 15டபிள்யூ-40 நல்ல ஆயில்தான், டீசல் லாரிக்கு. கரியைக் கழுவ அதில் டிடர்ஜென்ட் தூக்கலாக இருக்கும். பெட்ரோல் டர்போவில் அதே குணம் பிஸ்டனுக்கு எமன். பைக் ஆயிலில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று போட்டிருப்பது, கிளட்ச் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கும் வண்டிகளுக்கானது. காரில் அதற்கு வேலை இல்லை.

அடுத்து ஏசிஇஏ, ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கத்தின் தரம். ஏ3/பி4, சி3 என்று இருந்தால் 150 டிகிரியில், கடும் உரசலில் அளந்த கெட்டித்தன்மை 3.5-க்குக் குறையாது. எச்டிஎச்எஸ் என்ற இந்த எண் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் நிற்கும் படலத்தைப் பற்றியது. சி2 என்றால் 2.9, சி5 என்றால் 2.6 முதல் 2.9 வரை. பேரிங் இடைவெளியை எந்த எண்ணுக்கு வடிவமைத்தார்களோ அந்த எண் வேண்டும்.

கடைசியாக கம்பெனி அப்ரூவல். இங்கேதான் சொல் விளையாட்டு. "அப்ரூவ்டு" என்று எழுதி அதன் கீழ் எண் இருந்தால் கார் கம்பெனி சோதித்து அனுமதி கொடுத்திருக்கிறது. "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்" என்று இருந்தால் அது ஆயில் கம்பெனியின் சொந்த வாக்குறுதி. வாரன்டியில் இருக்கும் வண்டிக்கு "அப்ரூவ்டு" மட்டுமே வாங்குங்கள். புதிய எண் எப்போதும் பழையதற்கும் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம்: 504 00 ஆயிலை 502 00 கேட்கும் வண்டிக்கு ஊற்றலாம், 508 00 ஆயிலை ஊற்றக்கூடாது. பின்னது 0டபிள்யூ-20, பழைய இன்ஜினுக்கு அது மெலிவு.

பிஎம்டபிள்யூவின் எல்எல்-04 போன்ற, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில் இந்தியப் பெட்ரோலுக்கு ஆகாது என்று பழைய ஆலோசனை ஒன்று இன்னும் சுற்றுகிறது. பெட்ரோலில் கந்தகம் அதிகம் இருந்த காலத்தில் அது சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து கந்தகம் 10 பிபிஎம்முக்கு இறங்கிய பிறகு அந்தப் பயத்துக்கு அர்த்தம் இல்லை.

படி 3: "நம்ம வெயிலுக்கு கெட்டி ஆயில்" என்ற பேச்சை ஒதுக்குங்கள்

அக்னி நட்சத்திரத்தில் மணலியில் 40 டிகிரி அடிக்கும்போது, "20டபிள்யூ-50 ஊத்துண்ணா, அப்பதான் தாங்கும்" என்று மெக்கானிக் சொல்வது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஆயிலுக்கு வெளியில் அடிக்கும் வெயில் தெரியாது. தெர்மோஸ்டாட்டும் ஆயில் கூலரும் சேர்ந்து அதை 90 முதல் 110 டிகிரிக்குள் வைத்திருக்கும், மார்கழியிலும் சித்திரையிலும். கூலிங் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் வெளி வெப்பத்தால் வரும் வித்தியாசம் சொற்பம். வேலை செய்யவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன். ஆயிலை மாற்றி அதை மூடி மறைக்க முடியாது.

கெட்டி ஆயில் என்ன செய்யும்? 40 டிகிரியில் சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலின் கெட்டித்தன்மை 60, 70 செண்டிஸ்டோக்ஸ் வாக்கில் இருக்கும். 20டபிள்யூ-50 அதே வெப்பத்தில் 150-ஐத் தொடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது டர்போ ஷாஃப்டுக்கும் வால்வு பக்கத்துக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். ஃபில்டருக்கு முன்னால் அழுத்தம் ஏறி பைபாஸ் வால்வு திறந்தால், வடிகட்டாத ஆயிலே இன்ஜினைச் சுற்றும். ஆயில் அழுத்தத்தால் இயங்கி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் வால்வு டைமிங் மந்தமாகி செக் இன்ஜின் விளக்கு எரிவதும் உண்டு. சென்சார் பழுது என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகுதான் பலருக்குக் காரணம் தெரியவருகிறது.

கிரேடை ஒரு படி ஏற்ற நியாயமான இடம் ஒன்று உண்டு: ரேஸ் டிராக். இருங்காட்டுக்கோட்டையில் தொடர்ந்து பத்து லேப் ஓட்டினால் ஆயில் 120, 130 டிகிரிக்குப் போகலாம். 110 டிகிரியில் ஒரு 5டபிள்யூ-40 ஆயிலின் கெட்டித்தன்மை, 100 டிகிரியில் 5டபிள்யூ-30 இருக்கும் நிலைக்குப் பக்கத்தில் வரும். அதாவது ஒரு கிரேடு, ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஈடு. மேனுவலில் 30-ம் 40-ம் இரண்டுமே அனுமதி என்றால், டிராக்குக்குப் போகிறவர் 40 எடுக்கலாம். கம்பெனிகளே இப்படிச் செய்கின்றன: சாதாரண மஸ்டாங்குக்கு 5டபிள்யூ-20 சொன்ன ஃபோர்டு, டிராக்குக்காகச் செய்த ஷெல்பி ஜிடி350-க்கு 5டபிள்யூ-50 சொன்னது. அனுமதி இல்லாத கிரேடுக்குத் தாவ வேண்டாம். ஆயில் 130-ஐத் தாண்டினால் கியரை ஏற்றி மெதுவாக ஒரு லேப் சுற்றி ஆற விடுங்கள்.

படி 4: உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

வடசென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓடுவது பெரும்பாலும் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால், முதல் கியரில். இங்கே கிலோமீட்டரை விட மணிக்கணக்கு முக்கியம். 5,000 கிலோமீட்டரை 50 கிமீ வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் 100 மணி நேரம் ஓடியிருக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை நெரிசலில் 15 கிமீ சராசரியில் அதே தூரம் என்றால் 333 மணி நேரம். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்றுதான், ஆயிலுக்கு அப்படி இல்லை. மேனுவலில் 15,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும், இந்த ஓட்டத்துக்கு 7,500 அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது நல்லது. விலையுயர்ந்த ஆயிலை இரு மடங்கு ஓட்டுவதைவிட, சரியான அப்ரூவல் உள்ள நடுத்தர விலை ஆயிலைப் பாதித் தூரத்தில் மாற்றுவது இன்ஜினுக்கு நல்லது.

ராயபுரத்திலிருந்து பாரிமுனை வரை போய்த் திரும்புவது போன்ற குறும்பயணம் இன்னொரு கெடுதல். ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கி அதை மெலிதாக்கும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ இதுதான் காரணம். வாரம் ஒருமுறை மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் 40 நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். வாடை போகவில்லை என்றால் ஆயிலை மாற்றுங்கள்.

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் வீடு என்றால் சாம்பல் தூசியையும் கணக்கில் வையுங்கள். ஏர் ஃபில்டர் வழியாகப் புகும் நுண்தூசி ஆயிலில் கலந்து ரிங்கைத் தேய்க்கும். எண்ணெய் தடவிய "பெர்ஃபார்மன்ஸ்" ஃபில்டரை விட, கம்பெனியின் பேப்பர் ஃபில்டர் இங்கே பத்திரம்.

படி 5: வாங்கும்போது

5.7 லிட்டர் தேவை என்றால் 5 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் ஒன்று. மீதி 300 மில்லி டாப்-அப்புக்கு ஆகும். மூடியின் சீல் வளையம், டப்பாவில் அச்சான பேட்ச் எண், தயாரிப்புத் தேதி மூன்றையும் பாருங்கள். க்யூஆர் இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மற்ற கடைகளை விடப் பாதி விலை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் பக்கமே போகாதீர்கள். "மணலி ரிஃபைனரி சரக்கு" என்று சொல்லி யாராவது விற்றால் இன்னும் ஜாக்கிரதை. மணலி சிபிசிஎல் ரிஃபைனரியில் லூப் பேஸ் ஸ்டாக் தயாராவது உண்மைதான். ஆனால் அது மூலப்பொருள். தேய்மானத் தடுப்பு, டிடர்ஜென்ட், நுரை தடுப்பு எல்லாம் கலந்த பிறகே அது இன்ஜின் ஆயில். வெறும் பேஸ் ஆயிலோடு ஸ்போர்ட்ஸ் கார் அதிக தூரம் போகாது.

அதே பில்லில் ஒரிஜினல் ஆயில் ஃபில்டரும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் வாங்குங்கள். ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப் பிளாஸ்டிக் என்றால் போல்ட்டையே ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருக்கும்.

படி 6: ஊற்றும்போது

இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது வடித்தால் அடியில் தங்கியதும் வந்துவிடும். டிரெயின் போல்ட்டை, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். பல கார்களில் அது 25, 30 நியூட்டன் மீட்டர்தான். "நல்லா டைட் பண்ணியாச்சு" என்று கால் வைத்து மிதித்தால் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவுங்கள். பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வளையம் மேல் வளையமாக மாட்டிவிட்டால் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் தரையில்.

சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து சமதளத்தில் டிப்ஸ்டிக் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பல கார்களில் குறைந்த கோட்டுக்கும் கூடிய கோட்டுக்கும் நடுவில் ஒரு லிட்டர் அளவு இருக்கும். கூடிய கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு பேரிங்கைத் தாங்கத் தெரியாது. டிப்ஸ்டிக்கே இல்லாத பிஎம்டபிள்யூ, போர்ஷே மாடல்களில் ஸ்க்ரீனில் அளவு காட்டும். அது முழுச் சூட்டில்தான் சரியாக வரும், அவசரப்பட்டு மேலும் ஊற்ற வேண்டாம்.

காலி டப்பாவை மெக்கானிக்கிடம் விட்டு வராதீர்கள். கத்தியால் கிழித்து எடைக்குப் போடுங்கள். கிழிக்காத டப்பா போலி ஆயிலுக்குச் சட்டையாகிவிடும். பழைய ஆயில் ஆபத்தான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள், கால்வாயில் ஊற்றாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்து மீனவர்களின் வலையும் படகும் பாழானதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயிலின் அப்ரூவல் எண் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டுங்கள். முதல் 1,000 கிலோமீட்டரில் அளவை இரண்டு முறை பாருங்கள். டர்போ இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது சகஜம். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் குறைந்தால் ஆயிலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் டர்போ சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.