எஸ்இஓ கட்டணம் பேசும் முன் இதைக் கேளுங்கள்

எஸ்இஓ, அதாவது கூகுள் போன்ற தேடலில் உங்கள் இணையதளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு, ஆலோசகர் ஒரு தொகையைச் சொன்னால், அது எந்தக் கணக்கில் வந்தது என்று முதலில் கேளுங்கள். மணிக்கணக்கு, வேலைக்கு இவ்வளவு, மாதக் கட்டணம் என்று பொதுவாக மூன்று வழி. தளத்தை ஒருமுறை முழுசாக ஆராய்ந்து குறைகளைச் சொல்வதற்கு மொத்தத் தொகை பேசுவதுதான் சரி, ஏனென்றால் அந்த வேலைக்கு ஒரு முடிவு உண்டு. கட்டுரைகள், தொழில்நுட்பத் திருத்தங்கள் என்று தொடர்ந்து போகும் வேலைக்கு மாதக் கட்டணம் பொருந்தும். பக்கங்கள் எத்தனை, போட்டி எவ்வளவு கடுமை, இவைதான் தொகையை ஏற்றும்.

“முதலிடம் வந்தால் மட்டும் காசு” என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் யாருமே தேடாத சொல்லில் முதலிடம் காட்டிவிடலாம், அதனால் உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர்கூட வரமாட்டார். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பலன் தெரியப் பெரும்பாலும் 4 மாதம் முதல் 1 வருடம் வரை ஆகும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். அதனால் முதலில் ஆய்வுக்கு மட்டும் பணம் கொடுங்கள், அறிக்கை தரமாக இருந்தால் மாத ஒப்பந்தம் பேசலாம். அப்புறம், கருவிகளின் சந்தா, எழுதுபவரின் கூலி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.