டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியிலோ கன்சோலிலோ நிஜம்போல் கார் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்குக்கான, கியரோ பெல்ட்டோ வைத்த ஸ்டீயரிங்கில், மோட்டாருக்கும் நம் கைக்கும் நடுவே ஒரு இடைத்தரகர் இருந்துகொண்டே இருக்கிறார். கியர் பற்கள் கடகடக்கும். பெல்ட் சின்னச் சின்ன அதிர்வுகளை விழுங்கிவிடும். டைரக்ட் டிரைவில் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் மாட்டப்படுவதால், பின்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கும் கணமே கைக்குத் தெரிந்துவிடுகிறது. மாறவேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

அந்த எண் டார்க், அதாவது மோட்டாரின் திருப்பு விசை; அதை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். லாஜிடெக் ஜி29 கொடுப்பது 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5, பெரிய பவர் சப்ளை சேர்த்தால் 8. மோசா ஆர்9 கொடுப்பது 9, ஆர்12 கொடுப்பது 12. சிமுக்யூப் 2 வரிசையில் ஸ்போர்ட் 17, ப்ரோ 25, அல்டிமேட் 32. இப்படி வரிசையாகப் பார்த்தால் எண் கூடக்கூடத் தரமும் கூடும் என்றுதான் தோன்றும். இதில் இரண்டு விஷயங்கள் மறைந்து கிடக்கின்றன.

முதலாவது, அந்த எண் உச்ச டார்க்கா, தொடர்ந்து தாங்கும் டார்க்கா என்பது. ஒரு நொடிக்கு எட்டிப்பிடிக்கும் உச்சமும், நீளமான வளைவு முழுக்கத் தளராமல் பிடித்து நிற்கும் அளவும் ஒன்றல்ல. மோட்டார் சூடானதும் சில பேஸ்கள் (மோட்டார் இருக்கும் பெட்டிப் பகுதி) தாமாகவே விசையைக் குறைத்துக்கொள்ளும். எல்லா நிறுவனங்களும் இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்த விமர்சனம் கிடைத்தால், விளம்பரத்தைவிட அதற்கே மதிப்புக் கொடுங்கள்.

இரண்டாவது, ரிம்மின், அதாவது கையில் பிடிக்கும் சக்கரத்தின் அளவு. கையில் உணரும் விசை என்பது டார்க்கை ரிம்மின் ஆரத்தால் வகுத்தால் வருவது. 8 நியூட்டன் மீட்டர் பேஸில் 30 செ.மீ. விட்டமுள்ள ரிம்மை மாட்டினால் விளிம்பில் சுமார் 5.4 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு கிடைக்கும். அதே பேஸில் 35 செ.மீ. ரிம் மாட்டினால் அது 4.7 கிலோவாகக் குறையும். ரிம் கனமாக இருந்தால் இன்னொரு இழப்பும் உண்டு. அந்தக் கனத்தைத் திருப்பவே மோட்டாரின் விசை செலவாகி, நுண்ணிய அதிர்வுகள் மழுங்கிவிடும். சிறிய பேஸ் வாங்குபவர்கள் லாரி அளவு ரிம்மைத் தேடிப்போக வேண்டாம்.

சரி, அப்படியானால் அதிக டார்க் எதற்கு? தெரிந்துகொள்ள வேண்டிய சொல் கிளிப்பிங். விளையாட்டு அனுப்பும் விசை பேஸின் எல்லையைத் தாண்டினால், அதற்கு மேல் உள்ள எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டுவிடும். வேகமான வளைவில் ஸ்டீயரிங் கனமாக இருக்கும், ஆனால் அந்தக் கனத்துக்குள் எந்தச் செய்தியும் இருக்காது. மேடு, கர்ப் (பாதையின் ஓரத் திண்டு), டயர் பிடி தளர்வது எதுவும் தெரியாது. 15 நியூட்டன் மீட்டர் பேஸை வாங்கி 8 அளவில் ஓட்டுபவருக்குக் கிடைப்பது இந்த வெட்டு இல்லாத இடைவெளி. அதே சமயம் 8 பேஸிலும், விளையாட்டுக்குள் கெயினை (விசையின் மொத்த அளவை) குறைத்து வைத்தால் கிளிப்பிங்கைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ஸ்டீயரிங் லேசாகும், விவரம் தங்கும். என் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 12 வரை தாராளம். நிஜ ஜிடி3 பந்தயக் கார்களில் பவர் ஸ்டீயரிங் உண்டு. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஃபார்முலா 2 போன்ற கார்களின் முழுக் கனமும் வேண்டும் என்பவர்கள் மட்டும் அதற்கு மேல் யோசிக்கலாம்.

அடுத்த தவறுதான் என்னை அதிகம் வருத்துவது: பணம் முழுவதையும் பேஸில் கொட்டிவிட்டு, அதை ஆடும் மேசையில் மாட்டுவது. மேசை வளைந்தால் மோட்டாரின் விசையில் ஒரு பகுதி பலகையை அசைப்பதிலேயே போய்விடும். 5 நியூட்டன் மீட்டர் வரை உறுதியான மேசை சமாளிக்கும், 8-க்கு மிகத் திடமான மேசை வேண்டும், அதற்கு மேல் ரிக் (ஸ்டீயரிங்கையும் பெடலையும் பொருத்தும் சட்டகம்) இல்லாமல் இறங்க வேண்டாம். அலுமினியம் ப்ரொஃபைல் ரிக் நல்ல முதலீடு. பேஸை மாற்றினாலும் ரிக் அப்படியே இருக்கும். பெடலும் இதே கதைதான். மிதிக்கும் தூரத்தை அளக்கும் பிரேக்கைவிட, மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் காலுக்குச் சீக்கிரம் பழகும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நிற்க உதவும். பழைய பெடலோடு 12 நியூட்டன் மீட்டர் பேஸ், லோட் செல்லோடு 5 நியூட்டன் மீட்டர் பேஸ் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கன்சோலில் ஆடுபவர்கள் பொருத்தத்தைச் சரிபார்க்காமல் வாங்கிவிட்டால் திருத்த வழியில்லை. ஃபனாடெக்கில் எக்ஸ்பாக்ஸ் அனுமதி ரிம்மில் இருக்கிறது, பிளேஸ்டேஷன் அனுமதி பேஸில் இருக்கிறது. லாஜிடெக் ஜி ப்ரோவுக்கு ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி மாடல். சிமுக்யூப் 2 கணினிக்கு மட்டும். அப்புறம் குயிக் ரிலீஸ், அதாவது ரிம்மைப் பேஸில் மாட்டிக் கழற்றும் பூட்டு. ஒரு நிறுவனத்தின் பேஸ் வாங்கினால் ரிம், பெடல், ஷிஃப்டர் என்று அடுத்த பல வருடங்களுக்கு அவர்களின் குடும்பத்தோடுதான் இருப்பீர்கள். ஃபனாடெக்கின் தாய் நிறுவனமான எண்டார் 2024-ல் திவாலாகி, அதே ஆண்டு கோர்செயர் அதை வாங்கியது. உதிரி பாகமும் மென்பொருள் அப்டேட்டும் தொடர்ந்து கிடைக்குமா என்ற கேள்வியும் தேர்வில் சேர வேண்டும்.

வாங்கிய பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. நேர்ப்பாதையில் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் ஆடும். பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புபவர்களும் உண்டு, பயந்துபோய், அமைப்புகளில் அசைவை அடக்கும் டேம்பிங், ஃபிரிக்ஷன், ஃபில்டர் எல்லாவற்றையும் ஏற்றிவிடுபவர்களும் உண்டு. விசைக்கும் அதன் பதிலுக்கும் நடுவே உள்ள சிறு தாமதத்தால் வரும் ஆட்டம் அது. கை வைத்ததும் அடங்கிவிடும். டேம்பிங்கைக் கொஞ்சம் கூட்டினால் போதும். எல்லாவற்றையும் ஏற்றினால் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கம் பெல்ட் ஸ்டீயரிங் அளவுக்கு மங்கிவிடும். ஓடும்போது யூ.எஸ்.பி. இணைப்பு திடீரென அறுந்தால், மோட்டாரின் மின்கம்பியையும் யூ.எஸ்.பி. கம்பியையும் தள்ளி வைத்து, உலோக ரிக்கை எர்த் செய்து பாருங்கள்.

முதல் சில நாட்கள் விசையைப் பாதி அளவில் வைத்து ஓட்டுங்கள். சுவரில் மோதும் கணத்தில் ஸ்டீயரிங் வேகமாகச் சுழலக்கூடும், கட்டைவிரல் ஸ்போக்குக்குள் மாட்டியிருந்தால் காயம் படலாம். விரலை ரிம்மின் மேலேயே வைத்துப் பழகுங்கள், மோதல் வருகிறது என்று தெரிந்தால் கையை விட்டுவிடுங்கள். பெரிய பேஸ்களுடன் வரும் அவசர நிறுத்த பட்டனைக் கைக்கு எட்டும் இடத்தில் முதல் நாளே மாட்டிவிடுங்கள்.