பிஎச்பி டெம்ப்ளேட் கிளாஸ்: ஃபைல் எங்கே போச்சு?

பிஎச்பியும் எச்டிஎம்எல்லும் சாம்பார் சாதமாகக் குழைந்து கிடந்த பழைய சைட் ஒன்றைப் போன வாரம் பிரித்தெடுத்தேன். எச்டிஎம்எல்லைக் கோடிலிருந்து பிரித்து வைக்கத்தான் ட்விக், ஸ்மார்ட்டி போன்ற டெம்ப்ளேட் லைப்ரரிகள் இருக்கிறதே என்பீர்கள். பத்துப் பக்கச் சைட்டுக்கு அதெல்லாம் எதற்கு? பிஎச்பியே டெம்ப்ளேட் மொழிதான். ஒரு சின்ன கிளாஸ் போதும். சாம்ப் (நம் கணினியிலேயே அப்பாச்சி, பிஎச்பி ஓட்டும் தொகுப்பு) ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

வ்யூஸ் என்று ஒரு ஃபோல்டர். பக்கங்களின் எச்டிஎம்எல் அதற்குள் போகட்டும். கிளாஸில் இரண்டே விஷயம்: கன்ஸ்ட்ரக்டர் ஃபோல்டர் பாதையை வாங்கி வைத்துக்கொள்ளும்; ரெண்டர் என்ற மெதட் டெம்ப்ளேட் பெயரையும் டேட்டா அர்ரேயையும் வாங்கும்.

ரெண்டருக்குள் வரிசை இது. பாதையையும் பெயரையும் ஒட்டி ஃபைல் என்ற வேரியபிளில் வையுங்கள். அந்த ஃபைல் இருக்கிறதா என்று ஈஸ்_ஃபைல் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் எக்ஸெப்ஷன். அர்ரேயை எக்ஸ்ட்ராக்ட் செய்தால் ஒவ்வொரு கீயும் தனி வேரியபிளாகிவிடும். பிறகு ஓபி_ஸ்டார்ட், இன்க்ளூட், ஓபி_கெட்_க்ளீன் தருவதை ரிட்டர்ன். இன்க்ளூட் நேரே பிரவுசருக்குக் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைக்கிற பாத்திரம்தான் ஓபி, அதாவது அவுட்புட் பஃபர். இன்க்ளூட்டுக்குப் பதில் ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் போட்டால் உள்ளே இருக்கும் பிஎச்பி ஓடாது, வெறும் எழுத்தாகத்தான் வரும்.

இனி என் ஒரு ராத்திரித் தூக்கத்தைத் தின்ற இடம். பாதையை வெறுமனே 'வ்யூஸ்/' என்று கொடுத்திருந்தேன். முகப்புப் பக்கம் ஜம்மென்று வந்தது. அட்மின் ஃபோல்டருக்குள் இருந்த பக்கத்தைத் திறந்தால் 'ஃபைல் இல்லை'. கண்ணெதிரே ஃபைல் இருக்கிறது! ஸ்பெல்லிங் பார்த்தேன், பர்மிஷன் பார்த்தேன், அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்தேன். கடைசியில், பிஎச்பி இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறது என்று சொல்லும் கெட்சிடபிள்யூடியை எக்கோ செய்ததும் குட்டு உடைந்தது. ஈஸ்_ஃபைல் தேடுவது கிளாஸ் இருக்கும் இடத்திலிருந்து அல்ல, அப்போதைய வொர்க்கிங் டைரக்டரியிலிருந்து. அட்மின் பக்கத்துக்கு அது அட்மின் ஃபோல்டர். கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடவிட்டால் அது இன்னும் எங்கோ இருக்கும்.

மருந்து ஒன்றுதான்: கன்ஸ்ட்ரக்டருக்குப் பாதை தரும்போது முன்னும் பின்னும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் போட்ட டிஐஆர் கான்ஸ்டன்ட்டில் தொடங்குங்கள். பிஎச்பி 5.3 முதல் இருக்கிறது. அது எழுதப்பட்டிருக்கும் ஃபைலின் ஃபோல்டரையே எப்போதும் தரும். பின்னால் ஒரு ஸ்லாஷ் சேர்க்க மறக்காதீர்கள்.

டெம்ப்ளேட்டில் எக்கோ செய்யும் எதையும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக அனுப்புங்கள், டேக் குறிகள் வெறும் எழுத்தாகிவிடும். ஃபைலை பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். நான் நோட்பேட்++ தவிர வேறெதையும் நம்புவதில்லை.

பின்சேர்க்கை: இந்த கிளாஸை வைத்து டவுன்லோட் பக்கம் செய்த ஒருவருக்கு டெம்ப்ளேட்டே வரவில்லையாம். டேட்டாவில் 'ஃபைல்' என்றே ஒரு கீ வைத்திருக்கிறார். எக்ஸ்ட்ராக்ட் அதைக் கொண்டு என் ஃபைல் வேரியபிளை அழித்து எழுதிவிட்டது. எக்ஸ்ட்ராக்டுக்கு இரண்டாவதாக எக்ஸ்டிஆர்_ஸ்கிப் கொடுங்கள், ஏற்கெனவே இருக்கும் வேரியபிளைத் தொடாது; அந்தக் கீயின் பெயரையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொருவருக்கு விண்டோஸில் ஓடியது சர்வரில் ஓடவில்லை. ஃபைல் பெயரின் முதல் எழுத்து கேபிடல், கோடில் ஸ்மால். லினக்ஸுக்கு அது வேறு ஃபைல்.