திங்கட்கிழமை மனு: புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு

திங்கட்கிழமை காலையில் கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் ஏறினால், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், நாலாக மடித்த ஒரு மனு. அன்றைக்கு ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

இந்த மனுக்களை நான் முப்பது வருஷமாக எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பெண்களைத் திண்ணையில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அப்போதுதான். தன் பெயரை எழுதத் தெரிந்ததும் அவர்களில் பலர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “ஒரு மனு எழுதணும், எப்படிம்மா எழுதுறது?”

முதல் விஷயம், ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. போன வருஷம் ஓர் அத்தை நாலு பக்க மனுவோடு வந்தார். கணவர் இறந்தது, மகன் பிரிந்து போனது, தெருக்குழாயில் தண்ணீர் வராதது, விளக்குக் கம்பம் சாய்ந்தது எல்லாம் இருந்தன. கணவர் பேரில் இருக்கும் நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. அவர் வந்ததே அதற்காகத்தான். கூட்டம் நிரம்பிய ஹாலில் ஒரு மனுவுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம். மேலே ‘பொருள்’ என்று இருக்கும் வரியைப் பார்த்துத்தான் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று குறிப்பார்கள். அங்கே ‘வாழ்வாதாரம் தொடர்பாக’ என்று எழுதினால் அது எந்த மேசைக்குப் போகும்? அதை நான் இப்படி மாற்றினேன்: ‘பொருள்: குளத்தூர் வட்டம், இன்ன கிராமம், புல எண் 112/3, என் கணவர் பெயரிலுள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றித் தரக் கோருதல்.’ தண்ணீருக்கும் விளக்குக்கும் தனித்தனி மனு.

வட்டத்தின் பெயரை விடாதீர்கள். நம் மாவட்டத்தில் பன்னிரண்டு வட்டங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் உண்டு.

உடல் பகுதியில் தேதிகள் பேசட்டும். ‘பல முறை அலைந்தேன்’ என்பதைவிட ‘இந்தத் தேதியில் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்தேன், இந்தத் தேதியில் இணையத்தில் விண்ணப்பித்தேன், விண்ணப்ப எண் இது’ என்பது வேலை செய்யும். முன்பு கொடுத்த மனு இருந்தால், பொருளுக்குக் கீழே ‘பார்வை’ என்று போட்டு அதன் எண்ணையும் தேதியையும் எழுத வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் விஷயம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

துக்கத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த அத்தை, “எங்க வீட்டுக்காரர் போனதை எழுதும்மா, அதை விட்டுடாதே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதினேன். எந்தத் தேதியில் இறந்தார், இறப்புச் சான்று இணைத்திருக்கிறேன் என்று ஒரே வாக்கியத்தில். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் இல்லாமல் இந்த மாதிரி மனு நகராது. எல்லாமே நகல்தான் கொடுக்க வேண்டும். அசலை யார் கேட்டாலும் காட்டிவிட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

எண்களில் கவனம். ஒருமுறை 112/3 என்பதை 113/2 என்று நான் எழுதிவிட்டேன். ‘மனுதாரர் பெயரில் அப்படி நிலம் இல்லை’ என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு குடும்பத்தின் இரண்டு மாதம் என்னால் போனது. அன்றிலிருந்து, நிலத்தின் விவரம் இருக்கும் சிட்டாவைக் கையில் கொடுத்து, மனுதாரரையே ஒவ்வொரு எண்ணாக வாசிக்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

தொலைபேசி எண், ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் பேரன் எண்ணைக் கொடுத்தால், விசாரணைக்கு வருகிறவர் அழைக்கும்போது அவன் பனியன் கம்பெனி இரைச்சலில் இருப்பான்.

சரி, கையெழுத்து. பெயர் எழுதத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் கைநாட்டு வைக்க விடமாட்டேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். பேனா மை காய்ந்த பிறகு மடியுங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள்.

போகிற அன்று வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், சீக்கிரம் போய்ச் சேருங்கள். வாசலில் போலீஸார் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலையும் முகர்ந்து பார்ப்பார்கள். வேறு வழி தெரியாமல் தீக்குளிக்க மண்ணெண்ணெயோடு வந்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு, அதனால்தான். கோபப்படாதீர்கள்.

அலுவலகம் இருப்பது தொண்டைமான் மன்னர்களின் அரண்மனையில். 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமானது. அந்தத் தூண்களையும் உயரத்தையும் பார்த்து, முதல்முறை வருகிற வயதானவர்கள் படியருகே செருப்பைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கழற்ற வேண்டாம். அது இப்போது நம் அலுவலகம்.

முதலில் பதிவு மேசை. கணினியில் ஏற்றி, எண் போட்ட சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டு மனுவைவிட முக்கியம். உள்ளே உங்கள் முறை வந்ததும் பொருள் வரியில் இருப்பதை மட்டும் வாயால் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் கோரிக்கையை முதலில் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் தம்பி பாகத் தகராறை இங்கே கொண்டுவராதீர்கள். அதைத் தீர்க்க வேண்டியது சிவில் நீதிமன்றம். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச உதவி உண்டு, 15100-ல் கூப்பிடலாம்.

ஒரு மாதம் பொறுங்கள். பிறகு முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் பேசி மனு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘இந்த எண்ணுள்ள மனு மீது இதுவரை எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்’ என்ற ஒரே கேள்வி போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நான் எழுதிய பல மனுக்கள் இந்தக் கேள்விக்குப் பிறகே நகர்ந்திருக்கின்றன.

பட்டா கைக்கு வந்ததும் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், புல எண், பரப்பு என ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அந்த வாரமே திருத்த விண்ணப்பியுங்கள், தள்ளிப்போட்டால் விற்கும்போதோ கடன் வாங்கும்போதோ இடிக்கும். அந்த அத்தைக்குப் பட்டா வந்த அன்று என்னை வாசிக்க விடவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தன் பெயர் மேல் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகத் தானே கூட்டி வாசித்தார். பிழை இல்லை.