சாதனைக் கோப்பு: பள்ளியில் அந்தப் பொறுப்பு உங்களுக்கு வந்தால்

ஆண்டுத் தொடக்க ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் "மாணவர், பணியாளர் சாதனைப் பதிவு" என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் பள்ளிக்குப் புதிதாக வந்தவர் பெயருக்கு நேரே அது போய் உட்காரும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் உள்ள எங்கள் தமிழ்ப்பள்ளியில் 2012-இல் அது என் பெயருக்கு நேரே வந்தது. இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் பக்கத்துப் பள்ளியில் அதே பொறுப்பை ஏற்ற ஓர் இளம் ஆசிரியை, "டீச்சர், எங்கிருந்து தொடங்குவது?" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பினாங்கில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இன்னும் சிலர் கையில் இந்தக் கோப்பு இருக்கும்.

முதலில் நான் செய்த தவறு. 2015-இல் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மாவட்டக் குறுக்கோட்டத்தில் ஓடி மாநில நிலைக்குத் தேர்வானாள். மூன்று ஆண்டு கழித்து அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். மகள் இடைநிலைப் பள்ளியின் நான்காம் படிவத்துக்கு ஆஸ்ராமா பள்ளிக்கு, அதாவது விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளிக்கு, விண்ணப்பிக்கிறாள், புறப்பாடச் சான்றிதழ்கள் வேண்டும், ஆனால் 2017 நவம்பர் வெள்ளத்தில் வீட்டில் எல்லாம் நனைந்துவிட்டது என்றார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மை கரைந்து நீலத் திட்டாக இருந்தது. சின்னத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது. பள்ளிப் பதிவைப் பார்த்து ஒரு உறுதிக் கடிதம் கொடுத்தால் போதும் என்றார்.

கோப்பைத் திறந்தேன். என் கையெழுத்தில், "ஓட்டப் போட்டியில் மாணவிக்கு வெற்றி, வாழ்த்துகள்" என்று இருந்தது. முழுப்பெயர் இல்லை. எந்த நிலை, என்ன தேதி, யார் நடத்தியது, எத்தனையாவது இடம், எதுவுமே இல்லை. அதை வைத்துத் தலைமையாசிரியர் எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார்? அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளைப் பைக்குள் வைத்து மடித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம்தான் இந்த வேலையை நான் வேலையாகச் செய்ய ஆரம்பித்தேன்.

எப்போது எழுதுவது

போட்டி முடிந்த அதே வாரத்தில். ஆண்டு இறுதியில் பள்ளி இதழுக்காக மொத்தமாகச் சேகரிக்கலாம் என்று விட்டால் பாதி போய்விடும். அழைத்துப்போன ஆசிரியர் மாற்றலாகியிருப்பார், கேடயம் கண்ணாடி அலமாரியில் பெயரில்லாமல் நிற்கும், படத்தில் இருக்கும் பிள்ளை யார் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பெயர் சொல்வார்கள்.

நான் அரைத்தாள் அளவில் ஒரு சீட்டு அச்சிட்டு வைத்திருக்கிறேன். மாணவரை வெளியே அழைத்துப்போகும் ஆசிரியரிடம், அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து இந்தச் சீட்டையும் கொடுத்துவிடுவேன். பெயர், ஆண்டு, சான்றிதழில் அச்சாகியிருக்கும்படியே போட்டியின் பெயர், நடத்தியவர், நிலை, தேதி, இடம், முடிவு, எத்தனை பள்ளிகள் வந்தன, உடன் போனவர் யார், அவ்வளவுதான். திரும்பி வரும் பேருந்திலேயே எழுதிவிடலாம். "எத்தனை பள்ளிகள்" என்ற கட்டத்தைப் பலர் வெறுமையாக விட்டுக் கொடுப்பார்கள். விடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். நான்கு பள்ளிகளுக்குள் மூன்றாவதாக வருவதும் முப்பது பள்ளிகளுக்குள் மூன்றாவதாக வருவதும் ஒன்றல்ல.

பெயர்

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் எழுத்துகள் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ரோமன் எழுத்தில் இருப்பது ஒன்று. வீட்டில் தமிழில் எழுதுவது இன்னொன்று. கடிதம், சான்றிதழ், கல்வி இலாகா படிவம் எல்லாவற்றுக்கும் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், தந்தை பெயரோடு வேண்டும். தமிழ் நாளிதழுக்கும் பள்ளி இதழுக்கும் பெற்றோர் தமிழில் எழுதுகிறபடியே வேண்டும். ரோமன் எழுத்தைப் பார்த்து நாமாகத் தமிழாக்கினால் கண்டிப்பாகத் தவறும். தர்ஷினியா, தர்சினியா, தர்ஷனியா என்று அந்த எழுத்தே சொல்லாது.

ஒருமுறை இதழில் ஒரு பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தை நெடிலாகப் போட்டுவிட்டேன். மறுநாள் தாத்தா வந்துவிட்டார், கையில் பெயர்சூட்டு விழா அழைப்பிதழோடு. நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைப் பார்த்து, இரண்டு ஐயர்களைக் கேட்டு வைத்த பெயராம். அவர் கோபப்படவில்லை. அழைப்பிதழை விரித்து, விரலை எழுத்தின்மேல் வைத்து, "இது குறில்மா" என்றார். இப்போது ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் வகுப்பாசிரியர்களிடம் ஒரு தாள் கொடுத்து, பெற்றோரே பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதி அனுப்பும்படி செய்கிறேன். அதை ஆண்டு முழுவதும் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

நிலையும் பதக்கமும்

பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம், தேசியம், அனைத்துலகம். இந்த ஏணியில் ஒரு படி மாறினாலும் பிள்ளையின் புறப்பாட மதிப்பீட்டில் புள்ளி மாறும். பாஜ்ஸ்க் (PAJSK) எனப்படும் அந்த மதிப்பீட்டில் புள்ளி கணக்கிடும்போது பங்கெடுத்த நிலையும் பெற்ற இடமும் தனித்தனியாகப் பார்க்கப்படும். அதனால் நிலையை ஆசிரியர் நினைவிலிருந்து எழுதக்கூடாது, சான்றிதழைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பினாங்கில் ஐந்து மாவட்டக் கல்வி அலுவலகங்கள் இருக்கின்றன, தீவில் இரண்டு, பெருநிலத்தில் மூன்று. எங்கள் பள்ளி மத்திய செபராங் பிறையைச் சேர்ந்தது. "மாவட்ட நிலை" என்று மட்டும் எழுதாமல் எந்த மாவட்டம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் மனம் நோகலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். புத்தாக்கப் போட்டிகள் பலவற்றில் பதக்கம் மதிப்பெண் அளவை வைத்துக் கொடுக்கப்படுகிறது. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லாக் குழுவுக்கும் தங்கம். அது தவறான முறை அல்ல, பிள்ளைகளின் உழைப்பும் பொய் இல்லை. ஆனால் "உலக அளவில் முதலிடம்" என்று நாம் எழுதினால் அது பொய். "தங்க விருது பெற்றனர்" என்று எழுதுங்கள், "தங்கம் வென்றனர்" என்று வேண்டாம். கூடவே அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று இரண்டு வரி. எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் வீணாகும் தேங்காய்ச் சக்கையை உலர்த்திச் செடிக்கு உரமாக்கினார்கள். மூன்று வாரம் சக்கை பூஞ்சை பிடித்துக்கொண்டே இருந்தது. கூரைத் தகரத்தின் மேல் காயவைத்தால் என்ன என்று ஒரு பையன் சொன்ன பிறகுதான் சரியானது. இதழில் பதக்கத்தைவிட இந்தத் தகரக் கதைக்குத்தான் அதிக இடம் கொடுத்தேன்.

எதைச் சாதனை என்பது

2019 வரை இந்தக் கேள்வியே எழவில்லை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் முடிவு வந்த நாளில் எத்தனை பேர் 7ஏ, அப்புறம் 2016-லிருந்து எத்தனை பேர் 8ஏ, அதுதான் பள்ளியின் சாதனை. பதாகையும் அதற்குத்தான். 2021-இல் அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். அந்த ஆண்டு சில பெற்றோர், "இனி பள்ளியைப் பற்றி என்னதான் போடுவீர்கள்?" என்று என்னிடமே கேட்டார்கள்.

போட நிறைய இருக்கிறது என்பதுதான் என் அனுபவம். எங்களுடையது 150-க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி வரிசையில் வரும். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் நம் முகநூல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் தேடுவது தன் பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளையை. வெற்றிக்கோப்பை வாங்கிய ஒருவனை மட்டும் பத்து முறை போட்டால் மற்ற பெற்றோர் அடுத்த பக்கம் போய்விடுவார்கள். ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளை, நூலகத்தில் தானே பதிவேடு எழுதப் பழகிய பிள்ளை, இவர்களையும் நான் கோப்பில் எழுதுகிறேன். ஆனால் வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலைப் படி எண்ணைப் பெயரோடு வெளியே போடவே மாட்டேன். இரண்டிலிருந்து நான்குக்கு ஏறிய பிள்ளைக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் "இரண்டில் இருந்தான்" என்பதும் சேர்ந்து ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த மகிழ்ச்சியை வீட்டுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள்.

பணியாளர்கள்

பிள்ளைகள் ஓடி வந்து சொல்வார்கள். ஆசிரியர்கள் சொல்லவே மாட்டார்கள். எங்கள் பள்ளியில் ஒருவர் முதுகலை முடித்ததே பட்டமளிப்புக்கு விடுப்புக் கேட்டபோதுதான் தெரிந்தது. "நானே என்னைப் பற்றி எழுதிக் கொடுப்பதா?" என்று கூச்சப்படுவார்கள். அதனால் அவர்களிடம் கேட்காதீர்கள், பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள். பள்ளித் தவணை முடியும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்து, தன்னைத் தவிர வேறு ஒருவர் செய்த நல்ல வேலையை எழுதச் சொல்வேன். சிறந்த சேவை விருது, மாவட்டப் பயிலரங்கில் பயிற்றுநர், மாநிலக் கால்பந்து நடுவர் எல்லாம் அப்படித்தான் வெளியே வரும்.

ஆசிரியர் அல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள். 1956 மே 16-இல் நாட்டின் கல்விக் கொள்கைக்கு அடித்தளமான ரசாக் அறிக்கை ஏற்கப்பட்டது. அந்த நாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கிராணிக்கும் (அலுவலக எழுத்தருக்கும்) காவலருக்கும் துப்புரவு அக்காவுக்கும் நம் பள்ளிகளில் அப்படி ஒரு நாள் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. எங்கள் கிராணி ஒரு கணக்காய்வில் ஒரு கேள்விகூட எழாமல் கணக்கை முடித்துக் கொடுத்தார். மற்ற வேலை முடித்து மாலை ஆறு மணிவரை இருந்து ரசீதுகளை நாள்வாரியாக ஒட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு இதழில் வெற்றிக்கோப்பை வாங்கிய குழுவுக்கு அடுத்த பக்கத்தில் அவர் படத்தைப் போட்டோம். இதழை வாங்கி இரண்டு பிரதி கூடுதலாகக் கேட்டார், ஈப்போவில் இருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும்.

எழுதும் விதம்

"எங்கள் பள்ளி மாணவர் கதை சொல்லும் போட்டியில் மாபெரும் சாதனை!" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. நான் எழுதியது இது: "மத்திய செபராங் பிறை மாவட்டக் கதை சொல்லும் போட்டியில் மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டாம் நிலை பெற்றார். முதலை வாயைத் திறக்கும் இடத்தில் ஒவ்வொரு பயிற்சியிலும் அவருக்கு வரி மறந்துவிடும். ஓய்வு நேரங்களில் சிற்றுண்டிச்சாலை அக்கா வெங்காயம் நறுக்கும்போது எதிரில் நின்று அவருக்கே கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்." இதில் பெருமைச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தப் பையனும் அக்காவும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இப்படி ஒரு வரி கிடைக்க, அழைத்துப்போன ஆசிரியரிடம் "எது கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்பதோடு முடிந்துவிடும்.

மலேசிய நண்பன், மக்கள் ஓசை போன்ற நாளிதழ்களுக்கு அனுப்பும்போது செய்தி பத்து வரிக்குள் இருக்கட்டும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி அனுப்புங்கள்.

படம் என்றதும் ஒன்று. பிள்ளை சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை அப்படியே முகநூலில் ஏற்றாதீர்கள். சான்றிதழில் மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண் அச்சாகியிருக்கலாம், அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. எண்ணை மறைத்துவிட்டு ஏற்றுங்கள், அல்லது கேடயத்தோடு படம் எடுங்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "வேண்டாம்" என்று ஒருவர் குறித்தால் காரணம் கேட்காதீர்கள். குடும்பத்தில் பிரச்சினை இருக்கும் சிலருக்குப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது. அந்தப் பிள்ளையின் சாதனையும் கோப்பில் முழுமையாக இருக்கட்டும், படம் மட்டும் வேண்டாம்.

கோப்பு

அதே 2017 வெள்ளத்தில் எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தட்டும் நனைந்தது. கோப்பு இப்போது மேல்தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சான்றிதழையும் வந்த அன்றே ஸ்கேன் செய்து, ஆண்டு, பெயர், போட்டி என்ற வரிசையில் பெயரிட்டு, பள்ளியின் கூகுள் டிரைவில் ஒன்றும் கிராணியின் வன்தட்டில் ஒன்றுமாக வைக்கிறோம். என் சொந்தக் கைப்பேசியில் மட்டும் எதுவும் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன், நானும் ஒருநாள் மாற்றலாகிப் போவேன்.

ஆறாம் ஆண்டின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழுப்பு உறை தயாராகும். ஆறு ஆண்டுப் பதிவு ஒரே தாளில், தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்டு, சான்றிதழ்களின் நகல்களோடு. உறையைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன்மேல் பிள்ளையின் பெயரைத் தமிழில், வீட்டில் எழுதுகிறபடி எழுதி, பிள்ளையிடம் இல்லாமல் பெற்றோர் கையில் கொடுக்கிறேன்.