நெடுந்தூரத் தரைவழிப் பயணம்: ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தயார் செய்யும் முறை

முதல்முறை நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பொருள் வாங்குவதில் தொடங்குகிறார்கள். கூரைக் கூடாரம், விஞ்ச் (சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் கருவி), இரும்பு பம்பர், கூடுதல் விளக்கு என்று பட்டியல் நீளும். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் எடை, அடுத்து டயர், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கரடுமுரடான பாதையில் ஸ்பிரிங் முறிவதற்கும் டயர் வெடிப்பதற்கும் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) விரிசல் விழுவதற்கும் பாரம் ஒரு முக்கியக் காரணம்.

படி 1: எடை போடுங்கள்

ஓட்டுநர் கதவுத் தூணிலோ எஞ்சின் பகுதியிலோ ஒரு தகடு இருக்கும். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடையும் அதில் பொறித்திருக்கும். மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். ஆட்களும் அதில் அடக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 3,000 கிலோ, காலி வண்டி 2,300 கிலோ என்றால் மிச்சம் 700. இரண்டு பேர் 150, தண்ணீர் 80 லிட்டர் என்றால் 80 கிலோ, டீசல் நிரப்பிய இரண்டு 20 லிட்டர் ஜெர்ரி கேன் 42, கூரைக் கேரியரும் கூடாரமும் 100, இரும்பு பம்பரும் விஞ்சும் 90, ஃபிரிட்ஜும் இரண்டாவது பேட்டரியும் 55, கருவிகளும் உதிரிபாகங்களும் 60, இழுப்பறையும் படுக்கைப் பலகையும் 70, சாப்பாடு, துணி, சமையல் சாமான் 60. கூட்டினால் 707. ஆடம்பரமாக எதையும் ஏற்றவில்லை, அதற்குள் எல்லை தாண்டிவிட்டது.

காலி எடையில் எரிபொருளும் ஓட்டுநரும் சேர்த்தியா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பி இருக்காமல், டாங்க் நிரப்பி, எல்லாப் பொருளோடும் ஆட்களோடும் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் ஏற்றுங்கள். முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். சாமானெல்லாம் பின்னால் குவிவதால் பெரும்பாலும் பின் அச்சுதான் முதலில் எல்லை மீறும்.

கனமான ஸ்பிரிங் மாட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். பின்பக்கம் தொங்குவது நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் சேஸிஸும் பழைய வலுவோடுதான் இருக்கின்றன. விஞ்சா, தண்ணீரா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் தயங்காமல் தண்ணீரை வைத்துக்கொள்வேன்.

படி 2: அடுக்குங்கள், கட்டுங்கள்

கனமானவை கீழே, பின் அச்சுக்கு முன்னால். கூரையில் லேசானவை மட்டும். கூரை தாங்கும் எடை, வண்டி நிற்கும்போது ஒன்று, ஓடும்போது வேறு. கரடுமுரடான பாதையில் அது இன்னும் குறையும். தயாரிப்பாளர் தரும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாமல் விட்ட கருவிப்பெட்டி, வண்டி உருண்டால் ஆளைக் கொன்றுவிடும். ஒவ்வொன்றையும் தரையில் உள்ள வளையத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

படி 3: டயரும் காற்றும்

தார்ச்சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை டயர் பெரும்பாலான பயணங்களுக்குப் போதும். வழியில் கிடைக்கக்கூடிய சாதாரண அளவாக இருக்கட்டும். பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீடு உங்கள் அச்சு எடைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

காற்றைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பகுதி நீளும். ஒரே எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் மணலில் சக்கரம் புதையாது. சரளைப் பாதையில் தார்ச்சாலை அழுத்தத்தில் கால் பங்கைக் குறைத்துத் தொடங்கலாம். மென்மணலில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்த அளவு) நல்ல தொடக்கம். அந்த அழுத்தத்தில் வேகமாக ஓட்டக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். தார் தொட்டதும் மறுபடி நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும். நம்பகமான அழுத்தமானியும் பஞ்சர் அடைக்கும் பெட்டியும் கூடவே இருக்கட்டும். பணத்தை முதலில் இவற்றில் போடுங்கள்.

படி 4: ஓட்டவும் மீளவும் பழகுங்கள்

முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பான சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியாக இருந்தால், காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. அந்த வித்தியாசம் வழுக்கிக் கழிய வழியில்லாமல் கியர் அமைப்பை முறுக்கும். லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் நிலை, செங்குத்து ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பாறைக்கும் உரியது.

மணலில் வண்டி நின்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், சுழலச் சுழலச் சக்கரம் புதையும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வண்டியின் அடியிலும் மண்வெட்டியால் தோண்டுங்கள். காற்றை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். மணல் பலகையை டயருக்கு அடியில் அழுந்தச் சொருகி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள்.

வேறொரு வண்டி இழுக்க வந்தால் கவனம் தேவை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் இழுவைப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டுபோல் பறக்கும், அப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். சேஸிஸோடு போல்ட் போட்ட, எடை குறிப்பிட்ட மீட்புக் கொக்கி மட்டுமே சரி. இழுக்கும்போது இரண்டு ஓட்டுநர்களைத் தவிர எல்லோரும் பட்டையின் நீளத்தைவிட அதிகத் தூரம் விலகி நிற்க வேண்டும்.

ஓடையைக் கடக்கும் முன் நடந்து பாருங்கள். நடக்க முடியாத ஓட்டம் என்றால் வண்டியும் வேண்டாம். நடுவில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கடந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள், பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

படி 5: எரிபொருளும் தண்ணீரும்

இரண்டு பங்க்குகளுக்கு இடையே வரும் மிக நீண்ட தூரத்தைக் கண்டுபிடியுங்கள். தார்ச்சாலை மைலேஜை வைத்துக் கணக்கிடாதீர்கள், மணலிலும் லோ ரேஞ்சிலும் செலவு வெகுவாக ஏறும். புதிய டீசல் வண்டி என்றால் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். போகும் நாட்டில் அது கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள், இல்லையென்றால் புகை வடிகட்டி பழுதாகும். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், வெயில் பிரதேசத்தில் அதற்கும் மேல். ஒரே டாங்கில் வைக்காமல் பிரித்து வையுங்கள்.

படி 6: உதிரிபாகங்கள்

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பெல்ட், ரேடியேட்டர் குழாய், ஃபியூஸ், ஆயில், கூலன்ட். மாட்டத் தெரிந்ததை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 7: காகிதங்கள்

பல நாடுகள் வண்டியைத் தற்காலிகமாக உள்ளே விட ‘கார்னெட் த பசாஜ்’ என்ற சுங்க ஆவணத்தைக் கேட்கும். மோட்டார் சங்கங்கள் வைப்புத்தொகையோ உத்தரவாதமோ பெற்றுக்கொண்டு, பொதுவாக ஓராண்டுக்குத் தருகின்றன. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை விழ வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால் வண்டியை அங்கேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தப்படி ஒன்று, 1968 ஒப்பந்தப்படி ஒன்று உண்டு. எந்த நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சாட்டிலைட் ஃபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் கைது செய்வார்கள்.

படி 8: ஒத்திகை

முழுப் பாரத்தோடு சில இரவுகள் பக்கத்துக் கரட்டுப் பாதையில் தங்கி வாருங்கள். சக்கர நட்டுகளை முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்குங்கள். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் கசிவு இருக்கிறதா, டயரில் வெட்டு இருக்கிறதா, கேரியர் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பியதும், ஒருமுறைகூடத் தொடாத பொருள்களை இறக்கி வையுங்கள். முதலுதவிப் பெட்டிக்கும் தீயணைப்பானுக்கும் மீட்புச் சாமான்களுக்கும் மட்டும் விலக்கு.

கிளம்பும் நாளில் வீட்டில் ஒருவரிடம் பாதை, தங்குமிடங்கள், பேசப்போகும் நேரம் எல்லாம் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் தாமதமானால் எந்த மீட்பு எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.